ஒரு கிலோ நானூறு

பந்திங் செம்பனை ஆலையில்
நான் எடைமேடைக் கிராணி.
லோரி உள்ளே வரும்போது ஒரு எடை,
குலைகளைக் கொட்டிவிட்டுப் போகும்போது ஒரு எடை.
கழித்தால் வருவதுதான் சரக்கு.
பதினாறு வருடமாக
இந்த ஒரு கணக்குக்குத்தான் சம்பளம்.

நேசமலரின் பெட்டியையும்
உதிரிப்பழத் தராசில்தான் வைத்தோம்.
முப்பத்தொன்று நாலு.
விமானக்காரன் விடுவது முப்பது.
"ஒரு கிலோதானேக்கா" என்றாள்.
ஒரு கிலோ நானூறு, என்றேன்.
என் வாயில் தசமம் தவறாது.

தராசுப் பக்கத்திலேயே குந்திப் பெட்டியைத் திறந்தோம்.
லோரிக்காரர்கள் பார்க்காத மாதிரி பார்த்தார்கள்.
நெத்திலிப் பொட்டலம் வெளியே.
மிளகாய்த்தூளில் பாதி வெளியே.
பச்சைக் கரை போட்ட சேலையை
எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள்.
தாதிச் சீருடைக்கு மேலே குளிர்ச்சட்டை,
அதற்கும் மேலே இதை எங்கே சுற்றுவது என்று
அவளே கேட்டு அவளே சிரித்தாள்.
முள் முப்பதில் நின்றது.

செப்பாங்கிலிருந்து டோஹா
ஐயாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர், ஏறக்குறைய.
டோஹாவிலிருந்து டப்ளின்
அதுவும் ஏறக்குறைய அவ்வளவே.
நடுவில் நாலு மணி நேரம் நாற்காலி.
நேராகப் போனால் குறையுமாம்,
நேராகப் போகிற விமானம் இல்லையாம்.
கைப்பேசியில் அந்தக் கோடு
நாணேற்றாத வில்லாகக் கிடந்தது.

இரவு எட்டு ஐம்பத்தைந்துக்குக் கிளம்பி
ஏழரை மணி நேரம் பறந்து
அதே இரவு பதினொன்று இருபத்தைந்துக்கு இறங்குவாள்.
இந்தக் கழித்தல் எனக்குப் பிடிபடவில்லை.
ஐந்து மணி நேரத்தை
எங்கே கொட்டினார்கள்?
ரசீது யார் தருவது?

சிவநேசன் வேனில் விமான நிலையம் அரை மணி.
வழியெல்லாம் செம்பனை,
பிறகு வேலி, பிறகு கண்ணாடி.
"எங்கப்பா பெரட்டுக்கு நின்ன இடத்துல
இப்ப விமானம் சக்கரத்தை மடக்குது" என்றார்.
சொல்லிவிட்டு
நிறுத்தக் கட்டணம் ஏறுகிறதே என்று
கடிகாரம் பார்த்தார்.

கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை,
எங்களுக்கு அது பழக்கமில்லை.
"ரசப்பொடி உள்ளதானே இருக்கு?" என்று கேட்டேன்.
தலையாட்டிக்கொண்டே போய்விட்டாள்.
பதினோராயிரத்து எண்ணூறு கிலோமீட்டருக்கு முன்னால்
நான் சொன்ன கடைசி வாக்கியம்
ரசப்பொடி.

வீட்டுக்கு வந்து
காயாத துணிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன்.
ஒன்பது ஐந்து இருக்கும்.
ஆலைப் புகைபோக்கிக்குப் பின்னாலிருந்து
ஒரு விளக்கு கிளம்பி மேற்கே சாய்ந்து
வீட்டுக்கு நேர்மேலே வந்தது.
அவளுடையதுதானா, தெரியாது,
அந்த நேரத்தில் நாலைந்து போகும்.
அவளுடையதுதான் என்று வைத்துக்கொண்டேன்.
அப்படியானால்
என் உச்சிக்கும் அவள் பாதத்துக்கும்
இரண்டு கிலோமீட்டர்.
ஐந்தரைக்குப் பிரிந்த பிறகு
அவள் எனக்கு அவ்வளவு கிட்டத்தில் இருந்தது
அந்தப் பதினைந்து நொடிதான்.
ஈரக் காற்சட்டை கையில்,
வாய் திறந்தபடி,
வேறு எதையும் செய்யத் தோன்றாமல் நின்றேன்.
கொசு கடித்தது.

மறுநாள் காலை
காலி மேடை சுழியம் காட்டுகிறதா என்று
வழக்கம்போலப் பார்த்தேன்.
காட்டியது.
முதல் லோரியை ஏறச் சொன்னேன்.

நெத்திலியை அந்த வாரமே
நானும் சிவநேசன் மனைவியும் சம்பலாக்கினோம்.
காரம் கூடிவிட்டது.

நேற்று நேசமலர் அழைத்தாள்.
அங்கே நாலரைக்கே இருட்டிவிடுகிறதாம்.
பேருந்தில் ஏறும் எல்லாரும்
இறங்கும்போது ஓட்டுநருக்கு நன்றி சொல்கிறார்களாம்.
பிறகு, சும்மா கேட்பதுபோல,
"அந்தப் பச்சைக் கரைச் சேலை
எவ்வளவு எடை இருக்கும்க்கா?
அஞ்சல்ல போட்டா எவ்வளவு வெள்ளி ஆகும்?"

ஐந்நூற்று எண்பது கிராம், என்றேன்
உடனே.